கத்தி படும் முன் ஒரே ஊசி

சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். வலி மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, மலம் இளக ஒரு பாட்டில், அப்புறம் செஃபிக்ஸிம் 200 என்ற ஆன்டிபயாடிக், காலையும் இரவும் ஐந்து நாளைக்கு. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் கையில் குத்தியிருந்த கேனுலா வழியாக இரண்டு வேளை ஆன்டிபயாடிக் ஏறியிருக்கிறது. அது தனி. காயத்தைப் பார்த்தால் உலர்ந்து, சிவப்புகூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

"எதுக்குச் சித்தப்பா இத்தனை ஆன்டிபயாடிக்?"

"தையல் ஆறுற வரைக்கும் போட்டாத்தானேப்பா சீழ் பிடிக்காது? காசு போனாப் போவுது."

நான் ஒரு மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறவன். சீழ், சிறுநீர், ரத்தம் எது வந்தாலும் அதில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்வதுதான் தினப்படி வேலை. அப்படியிருந்தும் அன்றைக்குச் சித்தப்பாவுக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கிறது. காயம் இருக்கிறவரை காவல் வேண்டும், காவலுக்கு மருந்து. இதில் என்ன தப்பு?

தப்பு எங்கே என்று புரிய, முதலில் ஆபரேஷன் காயத்துக்குள் கிருமி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தியேட்டர் காற்றிலிருந்தோ கத்தியிலிருந்தோ வருவதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நோயாளியின் தோலிலிருந்தே வருகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றொரு பாக்டீரியா. நம்மில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் மூக்குத் துவாரத்தில் அதை வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறோம். ஆபரேஷனுக்கு முன் தோலை என்னதான் மருந்து போட்டுத் துடைத்தாலும் மயிர்க்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பியிலும் இருப்பவை முழுவதும் போகாது. கத்தி கீறும்போது அவற்றில் சில காயத்துக்குள் விழத்தான் செய்யும். சில ஆயிரம் விழுந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்களே பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாக விழுந்து, உள்ளே குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையோ செயற்கை மூட்டோ போன்ற வெளிப்பொருளும் இருந்துவிட்டால் வெள்ளணுக்கள் திணறிப்போகும்.

ஆக, ஆபத்தான நேரம் எது? காயம் திறந்திருக்கும் அந்த ஒன்று, இரண்டு, மூன்று மணி நேரம். தையல் ஆறும் பத்து நாள் அல்ல.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 1961இல். கினிப் பன்றிகளின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸை ஊசியால் ஏற்றினார். ஆன்டிபயாடிக்கைச் சிலவற்றுக்கு முன்கூட்டியே கொடுத்தார், சிலவற்றுக்குக் கூடவே, சிலவற்றுக்கு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி தாமதித்து. கிருமி நுழையும்போது ரத்தத்தில் மருந்து தயாராக இருந்த விலங்குகளுக்குத் தோலில் வீக்கம் மிகக் குறைவு. தாமதம் கூடக்கூட மருந்தின் பலன் தேய்ந்துகொண்டே போனது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, மருந்தே கொடுக்காத விலங்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மனிதர்களிடம் இதே கேள்வியை 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கேட்டுப் பார்த்தார்கள். 2,847 ஆபரேஷன்கள். கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் சீழ் பிடித்தது. அதற்கும் முன்னாலேயே, அதாவது சீக்கிரமாகப் போட்டவர்களில் 3.8 சதவீதம். கீறி மூன்று மணி நேரத்துக்கு அப்புறம் போட்டவர்களில் 3.3 சதவீதம். கொடுத்த நேரம் முன்னே பின்னே போனதில் ஐந்தாறு மடங்கு வித்தியாசம்.

ஏன் இப்படி? கத்தி பட்டதும் ரத்தம் கசிந்து, உறைந்து, வெட்டுவாய் முழுக்கப் படலமாக அப்பிக்கொள்கிறது. விழுந்த கிருமிகளும் அந்த உறைவுக்குள் மாட்டிக்கொள்கின்றன. மருந்து ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால், உறைகிற ரத்தத்தோடு அதுவும் அங்கே போய்ச் சேரும். கிருமியும் மருந்தும் ஒரே பொட்டலத்தில். உறைந்த பிறகு மருந்தை ஏற்றினால் அது ரத்தக் குழாயில் ஓடும், சிறுநீரில் வெளியேறும், ஆனால் ரத்த ஓட்டமே இல்லாத அந்த உறைவுக்குள் சரியாக நுழையாது. அதற்குள் கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற வகைகள் இருக்கின்றன.

அதனால் இப்போதைய முறை எளிது. பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு செஃபாசோலின் என்ற பழைய, மலிவான மருந்து, பெரியவர்களுக்கு 2 கிராம், கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ ரத்தம் நிறையப் போனாலோ இன்னொரு ஊசி. ஏனென்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் மருந்து பாதியாகிக்கொண்டே வரும். தையல் போட்டு முடித்தால் ஆன்டிபயாடிக்கின் வேலையும் முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம். அறுபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவு இது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017இல் இன்னும் ஒரு படி போய், காயத்தில் கசிவை வடிக்கும் ட்ரெயின் குழாய் வைத்திருந்தாலும் சுத்தமான ஆபரேஷனுக்குக் கூடுதல் டோஸ் தேவையில்லை என்றது. குழாய் இருக்கிறவரை ஊசி என்பது நம்மூர் வார்டுகளில் இன்றைக்கும் எழுதாத சட்டம்.

சரி, கூடுதலாக ஐந்து நாள் போட்டால் நன்மை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கெடுதல் என்ன? இங்கேதான் எங்கள் லேபின் கதை வருகிறது.

சோதனைக்குச் சீழ் வந்தால் அதைத் தட்டில் பூசி, ஒரு இரவு 35 டிகிரியில் வைத்து, வளர்ந்த கிருமியைப் பிரித்தெடுப்போம். அதை இன்னொரு தட்டில், வெளிர்மஞ்சள் ஜெல்லிபோல இருக்கும் ஊடகத்தின் மேல், பஞ்சுக் குச்சியால் நெருக்கமாக மெழுகிவிடுவோம். அதன்மேல் மருந்தில் தோய்த்துக் காயவைத்த குட்டிக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர், பொட்டு அளவுதான். மறுநாள் காலை திறந்தால் தட்டு முழுக்கக் கிருமி பாசிபோலப் படர்ந்திருக்கும். மருந்துக்குச் சாகிற கிருமியாக இருந்தால் வில்லையைச் சுற்றி வட்டமாக, கண்ணாடிபோல் தெளிந்த இடம். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துதான் ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றும் 'ஆர்' என்றும் போடுகிறோம். எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது.

சில தட்டுகளில் வட்டமே இருக்காது. வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருக்கும். பன்னிரண்டு மருந்து வைத்த இடத்தில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் வட்டம் விழுந்திருக்கும். அப்படி ஒரு தட்டை முதன்முதலாகப் பார்த்த அன்று, வில்லைகள் காலாவதியாகிவிட்டனவோ என்று டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்தேன். வில்லையில் குறை இல்லை.

இந்த 'ஆர்' எப்படி உண்டாகிறது? ஒரு சின்னத் திருத்தம் முதலில். "என் உடம்புக்கு இந்த மருந்து பழகிப்போச்சு, இனிமே கேக்காது" என்பார்கள். பழகுவது உடம்பு அல்ல, கிருமி. உங்கள் உடம்பு எந்த மருந்தையும் எதிர்க்கவில்லை. உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டத்தின் சேர்மானம்தான் மாறியிருக்கிறது.

வயலில் களைக்கொல்லி அடித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாதாரணப் புல் கருகிவிடும். கோரை மட்டும் நிற்கும். அடுத்த மழைக்குப் பார்த்தால் காலியான இடமெல்லாம் கோரைதான். மருந்து கோரையை உண்டாக்கவில்லை. அதோடு மல்லுக்கு நின்ற மற்றதையெல்லாம் அப்புறப்படுத்திக் கொடுத்தது.

நம் குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சித்தப்பாவின் செஃபிக்ஸிம் இடுப்புக் காயத்துக்கு மட்டும் போவதில்லை. வாய் வழியாகப் போய்க் குடலெங்கும் பரவுகிறது. அங்கே அந்த மருந்துக்குச் சாகிறவை செத்துப்போகும். அந்த மருந்தையே வெட்டித் தள்ளும் நொதி வைத்திருக்கும் ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ ஒரு மூலையில் கொஞ்சம் இருந்திருந்தால், அவற்றுக்கு இப்போது மொத்த இடமும் சொந்தம். பெனிசிலினை உடைக்கும் நொதியைப் பற்றி ஆபிரகாம், செயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது 1940இல். பெனிசிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே! கிருமிகள் நம்மைவிட ஒரு அடி முன்னால் நின்றிருக்கின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்கும் 1945இல் நோபல் பரிசு உரையில் இந்த எதிர்ப்பைப் பற்றி எச்சரித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார்.

நொதி ஒரு வழி. உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைப்பது இன்னொன்று. மருந்து வந்து ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது மூன்றாவது, எம்.ஆர்.எஸ்.ஏ. என்று ஆஸ்பத்திரிகள் நடுங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் அந்த வகை. மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வந்தது 1959இல். அதை எதிர்க்கும் இந்தக் கிருமி இங்கிலாந்தில் பதிவானது 1961இல்.

இதில் என்னை இன்றைக்கும் அசரவைப்பது இந்த வித்தைகளைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதுதான். பிளாஸ்மிட் என்று ஒரு வட்ட வடிவ டி.என்.ஏ. துண்டு. ஒரு பாக்டீரியா பக்கத்திலிருப்பதைத் தொட்டு அதன் நகலைக் கொடுத்துவிடும். பக்கத்திலிருப்பது அதே இனமாகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒரு துண்டிலேயே நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒன்றாகக் கட்டியிருக்கும். அதனால்தான் ஒரு மருந்தை மட்டும் அதிகமாகப் பயன்படுத்திய வார்டில், தொடாத மருந்துகளுக்கும் சேர்த்து 'ஆர்' வருகிறது.

எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்பினால், ஹார்வர்டில் மைக்கேல் பேமும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட வீடியோவைத் தேடிப் பாருங்கள். இரண்டடிக்கு நான்கடி அகலத்தில் ஒரு ராட்சதத் தட்டு. இரண்டு ஓரத்திலும் மருந்தே இல்லை. நடுவை நோக்கிப் போகப்போகப் பத்து மடங்கு, நூறு மடங்கு, நடுவில் ஆயிரம் மடங்கு மருந்து. ஓரத்தில் ஈ.கோலையை விட்டார்கள். ஒவ்வொரு எல்லையிலும் வந்து முட்டி நிற்கிறது, பிறகு ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்து உள்ளே பாய்கிறது. பத்துப் பதினோரு நாளில் நடுவுக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வார்டு அந்தத் தட்டு மாதிரிதான், கட்டில்கள் போட்ட தட்டு. மருந்து எங்கும் இருக்கிறது. கேனுலா, சிறுநீர்க் குழாய் என்று உடம்புக்குள் நுழையும் வழிகள் இருக்கின்றன. ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும் கைகள் இருக்கின்றன. 2000இல் வெளிவந்த ஒரு ஆய்வு: இதய பைபாஸ் செய்துகொண்ட 2,641 பேர். 48 மணி நேரத்துக்கு மேலும் தடுப்பு ஆன்டிபயாடிக் தொடர்ந்தவர்களுக்குக் காயத்தொற்று குறையவில்லை. எதிர்ப்புள்ள கிருமி வருவதற்கான வாய்ப்பு மட்டும் ஏறியிருந்தது. 2019இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 79,058 ஆபரேஷன்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில், நாள் கூடக்கூடச் சிறுநீரக பாதிப்பும், குடலைப் பிடிக்கும் ஒரு மோசமான வயிற்றுப்போக்குத் தொற்றும் கூடின. காயத்துக்கு அங்கேயும் லாபம் இல்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம், புது தில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர், ஏறக்குறைய எதற்கும் சாகாத கிளெப்சியெல்லா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கார்பபெனெம் என்ற கடைசிக் கட்ட மருந்துகளையே உடைக்கும் நொதி அதனிடம் இருந்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர். அதிலுள்ள 'என்.டி.' புது தில்லியைக் குறிப்பதுதான். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரை வந்தது: சென்னையில் 44, ஹரியானாவில் 26, இங்கிலாந்தில் 37 என்று அந்த நொதியுள்ள கிருமிகள். இங்கிலாந்து நோயாளிகளில் சிலர் இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ அழகு சிகிச்சை உட்பட ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பியவர்கள். ஊர்ப் பெயரை வைத்ததற்கு டெல்லியில் பெரிய கோபம் கிளம்பியது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேசினார்கள். பெயர் விஷயத்தில் அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் 44 என்ற எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது. 2012 ஆகஸ்டில் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க 'சென்னை பிரகடனம்' கொண்டுவந்தன. 2014 மார்ச்சிலிருந்து அட்டவணை எச்1 என்ற விதி வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எத்தனை கடையில் எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் டாக்டர்கள் ஏன் ஐந்து நாள் எழுதுகிறார்கள்? அறியாமை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கட்டிலுக்கு நான்கு உறவினர்கள் நிற்கும் வார்டு, வீட்டுக்குப் போனால் காயத்தை யார் எப்படித் துடைப்பார்களோ என்ற சந்தேகம், சீழ் பிடித்தால் "ஆன்டிபயாடிக்கூடக் கொடுக்கல" என்று வரப்போகும் சண்டை. இதெல்லாம் சேர்ந்துதான் பேனா அந்த வரியை எழுதுகிறது. பயம் நியாயமானதுதான், மருந்துதான் தவறு. காயத்தைக் காக்கிற காரியங்கள் வேறே இருக்கின்றன: முந்தின நாளோ அன்று காலையோ குளிப்பது, முடியை பிளேடால் மழிக்காமல் இருப்பது (மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து கிருமி குடியேறும், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர்), ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, தியேட்டரில் உடம்பு குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. எதுவும் மருந்துச் சீட்டில் எழுதக்கூடியது இல்லை. அதனால் மதிப்பும் இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதுவரை சொன்னது தடுப்புக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பற்றி. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழாகி வருகிறவர் கதை வேறு. அங்கே தொற்று ஏற்கெனவே இருக்கிறது. மருந்து சிகிச்சை, நாள் கணக்கில்தான் போகும். அதிலும் நாள் குறைந்துகொண்டுதான் வருகிறது. 2015இல் வயிற்றுத் தொற்றுள்ள 518 பேரிடம் செய்த பரிசோதனையில், சீழை முறையாக அகற்றிவிட்டால் நான்கு நாள் மருந்தும் எட்டு நாள் மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. அதேபோல, டாக்டர் எழுதிய மாத்திரையை இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் காயம் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. கேளுங்கள். "இது தடுப்புக்கா, தொற்றுக்கா? இன்னும் எத்தனை நாள்?" இந்த இரண்டு கேள்விக்கு எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சித்தப்பாவுக்காக நான் போன் செய்து கேட்டபோது அந்த டாக்டர் இரண்டு விநாடி பேசவில்லை. அப்புறம் "நிறுத்திடலாம், வழக்கமா எழுதுறதுதான்" என்றார்.

ஏழு மாதம் கழித்து சித்தப்பா மகளுக்கு சிசேரியன், வேறொரு ஆஸ்பத்திரியில். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நம் ஊரில் அதிகமாக நடக்கும் ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று. இதற்கும் ஒரே டோஸ்தான். முன்பெல்லாம் மருந்து குழந்தைக்குப் போய்விடும் என்று தொப்புள்கொடியை வெட்டிய பிறகு போட்டார்கள். இப்போது கீறுவதற்கு முன்பே. கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். ஊசி போட்ட நேரம் 9.10, கீறிய நேரம் 9.35.

டிஸ்சார்ஜ் அன்று சித்தப்பா மருந்துப் பையை அவரே பிரித்துப் பார்த்தார். வலி மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம். பையைக் கவிழ்த்து உதறினார். அப்புறம் நேரே சிஸ்டரிடம் போனார்.

"ஏம்மா, ஆன்டிபயாடிக் வைக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கலைங்கய்யா. அது தியேட்டர்லயே முடிஞ்சுபோச்சு."

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.